கழிவுக் குழாயில் வளரும் கல்

ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்கும் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு, தொட்டித் தண்ணீர் வடிய மறுக்கிறது என்பதாகும். சோறும் மயிரும் அடைத்துக்கொண்டன என்றெண்ணிக் கம்பியால் குத்துகின்றனர். இரண்டு நாள் ஓடிப் பின்பு மீண்டும் தேங்குகிறது. கம்பிக்கு அசையாத சுண்ணம் குழாயின் உட்சுவரில் ஏறியிருப்பதே காரணம்.

பாறையிடை ஊறும் நீர் கால்சியம் பைகார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பிரிந்ததும் கரையாத கால்சியம் கார்பனேட் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிற் காணும் வெண்பொருக்கும் இதுவே. கழிவுக் குழாயில் சோப்பின் பிசுக்கும் இதனோடு கூடிக் கெட்டிப்படுகிறது.

காஸ்டிக் சோடா கொழுப்பைக் கரைக்கும், சுண்ணத்தை அசைக்காது. சுண்ணத்துக்குப் பகை புளிப்பே. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒருங்கே ஊற்றும் வழக்கம் பரவியுள்ளது. பொங்கும் நுரை கண்ணுக்கு விருந்துதான். ஆயின் அவை ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, எஞ்சுவது வெறும் உப்புநீரே!

தொட்டியின் அடியிலுள்ள வளைகுழாயை வாளி வைத்துக் கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலில் இரவு முழுதும் ஊறவிடுவதே சிறந்த வழி. லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 100 கிராம் தூள் போதும். கழற்ற இயலாவிடில், தேங்கிய நீரை முகந்தெடுத்த பின்பே கரைசலை ஊற்றுதல் வேண்டும். இன்றேல் அது நீர்த்துப்போகும். வினிகரும் உதவும், ஆனால் ஒரு லிட்டர் வினிகர் ஏறக்குறைய 40 கிராம் சுண்ணத்தையே கரைக்கும். ஆகவே பன்முறை ஊற்றப் பொறுமை தேவை. பி.வி.சி. குழாயில் கொதிநீர் ஊற்றலாகாது; அது இளகி வளையும். சிமெண்டுத் தரையிலும் சலவைக்கல்லிலும் புளிப்பு சிந்தினால் அவையும் அரிக்கப்படும்.

பொறுமையிழந்தோர் கழிப்பறை ஆசிட்டை நாடுகின்றனர். தாய்மாரே, இதைக் கவனியுங்கள்: பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் எவ்வகை ஆசிட்டும் படலாகாது. படின் குளோரின் நச்சுவாயு கிளம்பும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அது உயிரையே பறிக்கக்கூடும். காஸ்டிக் சோடா கிடக்கும் குழாயில் ஆசிட் ஊற்றினாலோ, அது கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே குழாய் நீரால் 20 நிமிடமேனும் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவரிடம் விரைதல் வேண்டும். குளிர்பானப் புட்டியில் ஆசிட்டை ஊற்றி வைப்பதோ நம் பிள்ளைகளுக்கு நாமே வைக்கும் கண்ணி.

அடைப்பு மலக்குழிவரை சென்றிருந்தால், கூலிக்கு ஆள் பிடித்து உள்ளே இறக்க எவருக்கும் மனம் வரலாகாது. பாதுகாப்புக் கருவிகளின்றி அவ்வாறு இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றமுணரும் புலனையே மழுங்கச் செய்வதால், இறங்கியவர் ஆபத்தை அறியார். அவரைத் தூக்கக் குதித்தோரும் உடன் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உறிஞ்சு வண்டிக்கு நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். வர இரண்டு நாள் ஆயினும் காத்திருங்கள்.