சிரிப்பு யார் மீது விழுகிறது?

தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு என்கிறது 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை. தேசிய சராசரி 28.4 மட்டுமே. இந்தப் பெருமைக்குரிய எண்ணுக்குப் பின்னால், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கவே அவர்கள் தயங்குவதை ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். அந்தத் தயக்கத்தைப் போக்க வல்லது நகைச்சுவை. அதனை வளர்க்க வல்லதும் அதுவே.

நான் கற்பித்த பொருளாதாரத்தில் இதற்கு நல்ல மரபுண்டு. பிரான்சின் ஃபிரெடெரிக் பாஸ்டியா 1845-இல் மெழுகுவத்தி தயாரிப்பாளர்களின் பெயரில் ஒரு கற்பனை மனுவை எழுதினார். சூரியன் இலவசமாக ஒளி தந்து தங்கள் தொழிலைக் கெடுப்பதால், சன்னல்களையெல்லாம் அடைக்கச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். பிறகு, 'இறக்குமதிப் பாமாயிலால் நம் நிலக்கடலை விவசாயிக்கு நட்டமில்லையா, ஐயா?' என்று ஒரு குரல் எழும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இஸ்ரேலிய உளவியலாளர் அவ்னர் ஜிவ் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளியியலை நகைச்சுவையோடு கற்றவர்கள் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அந்த நகைச்சுவை பாடக் கருத்தையொட்டி அமைந்திருந்தது என்பதே கவனத்துக்குரியது.

எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்த தொல்காப்பியம், அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக எள்ளலையும் கூறுகிறது. வகுப்பறையில் அஞ்ச வேண்டியது அந்த எள்ளலைத்தான். மாணவரின் ஆங்கில உச்சரிப்பு, உடை, தந்தையின் தொழில் ஆகியவை ஆசிரியரின் கேலிக்கு ஆளாகும்போது, மதிப்பெண் இடும் கையை எதிர்த்து அவரால் திருப்பிக் கேலி செய்ய இயலாது. உடன் சிரிப்பவர்களும் அடுத்த முறை தாமோ என்று அஞ்சி வாய் மூடிக்கொள்வர்.

சாலமன் பாப்பையாவும் கு. ஞானசம்பந்தனும் மதுரைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர்கள். அவர்களைப் போல் அரங்கைக் கலகலக்க வைக்க எல்லா ஆசிரியர்களாலும் முடியாது, அதற்குத் தேவையுமில்லை. பாடத்திலுள்ள முரணைக் காட்டிச் சிரிக்க வைக்கலாம். மாணவரைக் காட்டி அன்று. புதிய ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிகளில் கற்பித்தல் முறைகளோடு இந்த வேறுபாடும் கற்பிக்கப்பட வேண்டும். சேர்க்கை விகிதம் பிள்ளைகளைக் கல்லூரி வாயில்வரை கொண்டுவந்துவிட்டது. அவர்களை வகுப்பில் பேச வைப்பது ஆசிரியரின் கடமை.