கோல்டு ஃபிஷ்ஷும் வாரம் ஒரு குடம் தண்ணியும்

"குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல கோல்டு ஃபிஷ் ஒரு கேடா?" அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மீன் தொட்டின்னு பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துடும். கேட்கிறவங்க மேல தப்பில்லை. குண்டாத்துல தண்ணியை விட மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கோம். ஆனா என் கட்சி வேற. கேடு மீன் இல்லை மக்கா, அதோட சேர்த்துக் கடையில தலையில கட்டுற அந்தக் கண்ணாடிக் கிண்ணம்தான்.

கணக்குப் போடுவோம் (பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்!). கிண்ணம் 3 லிட்டர் பிடிக்கும். மறுநாளே கெட்டுடும். தினமும் மொத்தமா மாத்தினா வாரத்துக்கு 21 லிட்டர். அதுவே 60 லிட்டர் தொட்டி, ஒரு ஃபில்டர், ஒரே ஒரு மீன்னா வாரம் கால்வாசி மாத்தினா போதும். 15 லிட்டர், அதாவது ஒரு குடம். எடுக்கிற தண்ணியும் முருங்கைக்கு உரம்.

"நம்ம போர் தண்ணி உப்பு, அதான் செத்துப்போச்சு"ங்கிறது பாதி உண்மைதான். கெண்டை இனத்தைச் சேர்ந்த இந்த மீன் கடினத் தண்ணியை ஓரளவு தாங்கும். ஆனா அது வெளியேத்துற அம்மோனியா இருக்கே, தண்ணியோட பி.எச். 7ல இருந்து 8க்கு ஏறினா அதுல விஷமான பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆயிடும். நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் மோசம். போதாக்குறைக்கு, சூடான தண்ணியில ஆக்சிஜனும் குறைச்சல்.

அந்த அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சுலதான் குடியிருக்கு. அது பெருகவே சில வாரம் ஆகும். பஞ்சை முனிசிபாலிட்டி தண்ணியில பளிச்சுனு அலசினா, குளோரின் பட்டு அத்தனையும் காலி. தொட்டியில எடுத்த தண்ணியிலயே லேசா அலசுங்க.

மருந்தை விடக் கண்ணுதான் முக்கியம். டீ குடிக்கிற நேரம் ரெண்டு நிமிஷம் பாருங்க. மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? பெரும்பாலும் ஆக்சிஜன் பத்தலைன்னு அர்த்தம். துடுப்பை ஒடுக்கிட்டு மூலையில நிக்குதா? முதல்ல தண்ணியைச் சந்தேகப்படுங்க. உடம்புல உப்புத் தூவின மாதிரி புள்ளியா? ஒட்டுண்ணி. இரை கேட்டு வாலாட்டினா ஏமாறாதீங்க. அதுக்கு இரைப்பையே கிடையாது, எப்பவும் கேட்டுட்டேதான் இருக்கும். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு போதும். மிச்சமெல்லாம் அழுகி அம்மோனியாதான்.

ரோம் நகராட்சி 2005லயே உருண்டைக் கிண்ணத்துல மீன் வளர்க்கத் தடை போட்டுடுச்சு. இங்கிலாந்துல 1956ல ஒரு திருவிழாவுல பரிசாக் கிடைச்ச டிஷ்ங்கிற கோல்டு ஃபிஷ் 1999 வரைக்கும், 43 வருஷம் வாழ்ந்துச்சு. நம்ம வீடுகள்ல பத்து நாள்ல செத்துப்போனா, "அழாதே, வேற வாங்கித் தரேன்"னு பிள்ளைகிட்ட சொல்றோம். ஒரு உசிரு போனா இன்னொண்ணு கடையில கிடைக்கும்னு அது கத்துக்குது. எனக்கு உறுத்துறது இதுதான்.

வாரம் ஒரு குடம், தினம் ரெண்டு நிமிஷம். முடியும்னா வாங்குங்க. முடியாதுன்னா வாங்காம விட்டுடுங்க, அதுவும் மீனுக்குச் செய்யிற நல்லதுதான்.