"பையனுக்குப் பதினாறு ஆகப்போகுது சார்!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை. லிஃப்ட் வாசலில் எதிர் ஃப்ளாட்காரர் என்னை நிறுத்தினார். அவர் தோளில் மகனுடைய டென்னிஸ் பை. (அந்தப் பைக்குள் ஒரு சின்னக் குடும்பமே குடியிருக்கலாம்.) பையன் பின்னால் காதில் இயர்போனோடு நின்றான்.

"சார், நீங்கதான் டென்னிஸ் பத்தியெல்லாம் எழுதுவீங்களே. போரிஸ் பெக்கர் பதினேழு வயசுல விம்பிள்டன் ஜெயிச்சார்தானே?"

"ஆமாம். 1985-ல."

"இவனுக்கு அடுத்த மாசம் பதினாறு முடியுது. ஸ்கூலை நிறுத்திட்டு ரெண்டு வருஷம் முழு நேரமா ஆட விட்டுடலாமான்னு பார்க்கறேன். ஊர்ல ஒரு இடம் இருக்கு, வித்துடலாம். இப்ப விட்டா அப்புறம் அவ்வளவுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

லிஃப்ட் வந்தது, போனது. நாங்கள் நின்றுகொண்டே பேசினோம். அன்றைக்கு அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கலாம், டென்னிஸ் இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு ஆட்டத்தை வைத்து.

முதலில், அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு காலத்தில் டென்னிஸ் பையன்களின் ராஜ்ஜியமாகத்தான் இருந்தது. 1974-ல் பியான் போர்க் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்தபோது வயது 18. 1982-ல் அதே கோப்பையை மேட்ஸ் விலாண்டர் தூக்கியபோது 17. பெக்கரும் 17. 1989-ல் மைக்கேல் சாங் என்ற 17 வயதுப் பையன் தசைப்பிடிப்பில் துடித்துக்கொண்டே, கையைக் கீழே வைத்து ஒரு சர்வ் போட்டு உலகின் நம்பர் ஒன் லெண்டிலையே குழப்பி, கடைசியில் கோப்பையையும் கொண்டுபோனான். பெண்கள் பக்கம் இன்னும் சின்ன வயசு. டிரேசி ஆஸ்டின், மோனிகா செலஸ், மார்ட்டினா ஹிங்கிஸ் மூவரும் முதல் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தைப் பதினாறு வயதில் வாங்கியவர்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? 2005-ல் நடால் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்தபோது வயது 19. அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் ஒரு டீன் ஏஜ் பையன் கிராண்ட்ஸ்லாம் கோப்பையைத் தொட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் அமெரிக்க ஓப்பனில் கார்லோஸ் அல்கராஸ் ஜெயித்தார். நடுவில் 17 வருடங்கள். நடால் ஜெயித்த அன்று பிறந்த குழந்தை ப்ளஸ் டூ முடித்திருக்கும்.

காரணம் திறமைக் குறைவு இல்லை. ஆட்டம் மாறிவிட்டது. பெக்கர் காலத்து விம்பிள்டன் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பலமான சர்வ், உடனே வலையருகே பாய்ச்சல், ஒரு வாலி, பாயிண்ட் முடிந்தது. 2001-லிருந்து அங்கே முழுக்க ரை வகைப் புல். பந்து கொஞ்சம் எழும்பி, நிதானமாக வருகிறது. ராக்கெட் நரம்பும் மாறியது. 1997-ல் குகா குயெர்டன் பாலியெஸ்டர் நரம்போடு வந்து பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்த பிறகு, ஆளாளுக்கு அந்த நரம்புக்கு மாறினார்கள். எவ்வளவு வேகமாக அடித்தாலும் சுழற்சி பந்தைக் கோட்டுக்குள் இழுத்துவிடுகிறது. அதனால் சில பாயிண்டுகளுக்கே பத்துப் பதினைந்து அடி. ஐந்து செட் ஆட்டம் என்றால் யோசித்துப் பாருங்கள். 2022-ல் அல்கராஸும் சின்னரும் மோதிய காலிறுதி 5 மணி 15 நிமிடம் ஓடி, அதிகாலை இரண்டே முக்காலைத் தாண்டி முடிந்தது. அதைத் தாங்குகிற இடுப்பும் முதுகும் பதினாறு வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

இன்னொன்று, பெரியவர்கள் நாற்காலியைக் காலி செய்வதில்லை. ஃபெடரர் 2018-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்தபோது 36. ஜோகோவிச் 2023-ல் அமெரிக்க ஓப்பன் ஜெயித்தபோதும் 36. ஃபெடரர் 20, நடால் 22, ஜோகோவிச் 24. மூன்று பேர் வீட்டு அலமாரியில் மட்டும் 66 கோப்பைகள். பிசியோ, சமையல்காரர், உடற்பயிற்சியாளர் என்று ஒரு பட்டாளத்தோடு பயணம் செய்பவர்களுக்கு உடம்பு கூடுதலாகப் பத்து வருடம் உழைக்கிறது. அந்தப் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க, ஏற்கெனவே ஜெயித்திருக்க வேண்டும். இளசுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பணத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். எதிர் ஃப்ளாட்காரர் நிலத்தை விற்கப்போகிறேன் என்கிறாரே.

தொழில்முறை டென்னிஸில் அடிப்படிக்கட்டு, ஐ.டி.எஃப். நடத்தும் 15 ஆயிரம் டாலர் போட்டிகள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மொத்தப் போட்டிக்குமான பரிசு. சாம்பியனுக்கே இரண்டாயிரம் டாலர் சொச்சம்தான் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்றால் நூற்றைம்பது டாலர் சொச்சம். இந்தப் போட்டிகள் நடப்பது உலகத்தின் ஏதேதோ மூலைகளில். விமான டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு மாட்டுகிற செலவு எல்லாம் சொந்தக் கைக்காசு. அதற்கு மேலே சேலஞ்சர் போட்டிகள். அங்கும் பலருக்கு வரவும் செலவும் சரிக்குச் சரி. உலகத் தரவரிசையில் கிட்டத்தட்ட முதல் 100-க்குள் வந்தால்தான் மூச்சுவிட முடியும். காரணம், கிராண்ட்ஸ்லாமில் ஆடும் 128 பேரில் 104 பேருக்குத் தரவரிசைப்படி நேரடி இடம். அங்கே போய்விட்டால் கதையே வேறு. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர்.

சுமித் நாகலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் சாம்பியன். 2023 செப்டம்பரில், நாட்டின் நம்பர் ஒன் வீரராக இருந்தபோது, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு சுற்றினாலே வருடத்துக்கு 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை ஆகிறது என்றார். அடுத்த பிப்ரவரியில் நம் நுங்கம்பாக்கம் மைதானத்தில் சேலஞ்சர் பட்டம் ஜெயித்துத்தான் முதல்முறையாக முதல் 100-க்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு 26 வயது.

"ஆனா இவன் ஜூனியர்ல நல்லா ஆடறான் சார்" என்றார் எதிர் ஃப்ளாட்காரர். ஆடட்டும், சந்தோஷம். ஆனால் ஜூனியர் கோப்பை ஒரு விசித்திரமான ஜாதகம். 2013 விம்பிள்டன் ஜூனியர் இறுதிப் போட்டியில் இத்தாலியின் குயின்ஸி, கொரியாவின் சுங் ஹியோனை ஜெயித்தார். ஜெயித்தவர் முதல் 100-க்குள் வரவே இல்லை. 25 வயதில் ஓய்வு பெற்றார். தோற்றவர் 2018 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஜோகோவிச்சை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனார். நம் யூகி பாம்ப்ரி 16 வயதில், 2009-ல், ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் சாம்பியன். முதல் 100-க்குள் நுழைய அவருக்கு 2015 வரை ஆனது. அப்புறம் முழங்கால் காயம் பிடித்துக்கொண்டது. சென்னையின் ராமநாதன் கிருஷ்ணனை எடுத்துக்கொண்டால்கூட, விம்பிள்டன் ஜூனியர் பட்டம் 1954-ல், அரையிறுதி 1960-ல். ஆறு வருடம்! ஃபெடரருக்கு ஜூனியர் பட்டத்திலிருந்து பெரியவர்கள் பட்டத்துக்கு ஐந்து வருடம்.

ஜூனியரில் பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டால் எதிரி ஏதோ ஒரு கட்டத்தில் வெளியே அடித்துவிடுவான். அடிமட்டத் தொழில்முறைப் போட்டியில் எதிரே நிற்பவனுக்கு 28 வயது இருக்கும். வாடகை கட்டவேண்டும். அவன் இலவசமாக ஒரு பாயிண்ட் தரமாட்டான்.

இனி, இதையெல்லாம் மீறி வந்தவர்கள் கதை. ஜெனிஃபர் கேப்ரியாட்டி என்ற பெயர் ஐம்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990 மார்ச்சில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது 14 வயது ஆக இன்னும் சில வாரங்கள் பாக்கி. ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே விளம்பர ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன. முதல் போட்டியிலேயே இறுதி வரை போனாள். அந்த வருடமே பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி. 16 வயதில், பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ஸ்டெஃபி கிராஃபை வீழ்த்தித் தங்கம். தலைப்பு எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்களுக்குக் கை வலித்தது. (நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தப் படத்தை ஒட்டி வைத்திருந்தேன்.)

அடுத்த வருடமே ஆட்டத்தை விட்டு ஒதுங்கினாள். கடையில் திருடியதாக ஒரு வழக்கு, கஞ்சா வைத்திருந்ததாகக் கைது. எல்லாம் 19 வயது ஆவதற்குள். அந்தக் குழந்தை என்ன தப்பு செய்தது என்று கேட்பதைவிட, அதன் தோளில் எத்தனை பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. 1995-லிருந்து டபிள்யூ.டி.ஏ. அமைப்பு வயது விதியைக் கொண்டுவந்தது. 18 வயது ஆகும்வரை ஒரு பெண் வருடத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று வரம்பு. இளம்பெண்கள் முன்னைவிடத் தாமதமாக மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வேகத்தடைதான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் போடுகிற வேகத்தடை. கேப்ரியாட்டி திரும்பி வந்து, 2001-ல், 24 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயித்தார். அந்த வருடமே பிரெஞ்சு ஓப்பனும்.

எம்மா ரடுகானுவை மறக்க முடியுமா? பள்ளி இறுதித் தேர்வு எழுதிய அதே 2021-ல், தகுதிச் சுற்றிலிருந்து வந்து, 18 வயதில், ஒரு செட்கூட இழக்காமல் அமெரிக்க ஓப்பனை ஜெயித்தாள். இரண்டே வருடத்தில் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை.

கதவு மூடிக்கிடக்கிறது என்று சொல்லவில்லை. 2025-ல் மிர்ரா ஆண்ட்ரேயேவா 17 வயதில் துபாயையும் இந்தியன் வெல்ஸையும் அடுத்தடுத்து ஜெயித்தாள். 19 வயது மென்ஸிக் மயாமி இறுதியில் ஜோகோவிச்சை வீழ்த்தினான். பிரேசிலின் ஃபொன்சேகா 18 வயதில் பியூனஸ் அயர்ஸ் பட்டம் வாங்கினான். நம் கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஷ்வரன் 15 வயதில், மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை வந்தாள். இப்போது பயிற்சி ஸ்பெயினில், நடால் அகாடமியில். 'அடுத்த சானியா' என்று அன்றே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை மாயாவாகவே இருக்க விடக்கூடாதா?

இதில் பாதியை லிஃப்ட் வாசலில் கேட்டுவிட்டு எதிர் ஃப்ளாட்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப படிச்சுக்கிட்டே ஆட முடியாதா சார்?" என்றார்.

எனக்கு உடனே சோம்தேவ் தேவ்வர்மன் ஞாபகம் வந்தார். சென்னையில் டென்னிஸ் பழகியவர். உலகம் சுற்றக் கிளம்பாமல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கல்லூரிப் பணத்தில் பயிற்சி, கையில் பட்டம். 2007, 2008 இரண்டு வருடமும் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன். 2009 ஜனவரியில் வைல்டு கார்டு வாங்கி சென்னை ஓப்பனில் ஆடினார். கார்லோஸ் மோயாவை வீழ்த்தினார், கார்லோவிச்சை வீழ்த்தினார், இறுதி வரை போனார். நுங்கம்பாக்கத்தில் அன்று கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. சிலிச்சிடம் தோற்றார், பரவாயில்லை. அவருக்கு அப்போது 23 வயது. பின்னாளில் உலகத் தரவரிசையில் 62 வரை ஏறினார். இன்றைய பென் ஷெல்டனும் 2022 கல்லூரி சாம்பியனாக இருந்து வந்தவர்தான்.

"அந்தக் காலேஜ்ல சேர மார்க் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும். ஸ்கூல் முடிச்சிருக்கணும்."

பையன் இயர்போனைக் கழற்றினான். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் போல. "அப்பா, எட்டு மணி கோர்ட். லேட்டாயிடுச்சு" என்றான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அங்கிள், சாயங்காலம் வீட்ல இருப்பீங்களா? நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். ஆன்ட்டிகிட்ட ஒரு சம் கேக்கணும்" என்றான்.

என் மனைவி கெமிஸ்ட்ரி டீச்சர். அவன் சாயங்காலம் வந்தான். கையில் புத்தகம், விரலில் புது பிளாஸ்திரி. ஊர் நிலம் என்ன ஆகும் என்று இன்னும் எனக்குத் தெரியாது.