வீட்டுச் சாடியும் சர்க்கார் கடையும்

சென்ற 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதியன்று பாரிஸில் கூடிய உலக பாரம்பரியக் குழுவினர், மராட்டியர் ஆண்ட கோட்டைகளில் பன்னிரண்டைத் தங்கள் ஜாபிதாவில் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. இராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் உலகத்தாரின் கண்ணில் பட்டதில் நமக்குப் பெருமையே. இனி தூர தேசத்து யாத்திரிகர்கள் வருவார்கள். கோட்டைக்குள்ளிருக்கும் நெற்களஞ்சியத்தைக் கண்டு வியப்பார்கள். ஏரிக்கரைப் பனைகளைப் படம் பிடிப்பார்கள். அவர்களில் ஒருவர், "இத்தனை நெல்லும் இத்தனை பனையும் உள்ள இந்தச் சீமையின் பானம் எது?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? சர்க்கார் கடையில் விற்கும் பிராந்திப் புட்டியைத்தான் காட்ட வேண்டும். அந்த வெட்கத்தைப் பற்றியே இன்று எழுத முற்பட்டோம்.

நாம் குடியை ஆதரிப்பவர்கள் அல்லர். மதுவினால் அழிந்த குடும்பங்களை நியாயஸ்தலங்களிலும் வெளியிலும் போதுமான அளவு பார்த்திருக்கிறோம். ஆயினும் வீட்டில் தானியத்தை ஊறவைத்துப் பானம் சமைப்பது மேனாட்டார் கொணர்ந்த வழக்கம் என்று சிலர் மேடைகளில் பேசுவது சரித்திரத்துக்கு ஒவ்வாது. பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. வலைஞர் வீடுகளில் பானம் சமைக்கும் முறையை அதன் புலவர் ஒரு சமையற்காரரின் நுட்பத்தோடு சொல்லியிருக்கிறார். அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டுப் பிழாவில் ஆறவைத்து, முளைநெல்லை இடித்த மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் முதிரவிட்டு, வடித்துப் பிழிகிறார்கள். பீர் என்பது இதைத் தவிர வேறென்ன? மேனாட்டார் வாற்கோதுமையை முளைக்க வைக்கிறார்கள். நம்மவர் நெல்லை முளைக்க வைத்தார்கள். கசப்புக்காக அவர்கள் சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் பூ மட்டும் நம் சாடியில் இல்லை. அந்நூலே வீட்டில் சமைத்த நெற்கள்ளுக்குத் தோப்பி என்று தனிப்பெயர் வழங்குகிறது. தனிப்பெயர் பெறும் அளவுக்கு அது சாதாரணமான விஷயமாக இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இன்று உலகெங்கும் இந்தச் சாடி மறுபடியும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் வடிக்க லைசென்ஸ் தேவை என்ற விதியை 1963-ல் நிதி மந்திரி மாட்லிங் எடுத்துவிட்டார். அமெரிக்கர்கள் 1933-ல் மதுவிலக்கை நீக்கிய போதிலும், வீட்டில் பீர் வடிப்பதற்கு அனுமதி தர 1978 வரை மறந்திருந்தார்கள். அவ்வருஷம் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்தவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு நூறு காலனும், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் இருநூறு காலனும் சமைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அதே வருஷம் சார்லி பப்பாஸியன் என்பவர் கொலராடோவில் வீட்டு வடிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். எஞ்சினீயர்களும் உபாத்தியாயர்களும் விடுமுறை நாளில் கூடித் தத்தம் புட்டிகளைப் பரிமாறிக்கொண்டு, நிறம், மணம், நுரை இவற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். தோற்றவர் ஊறவைத்த சூட்டில் பிழையா, ஈஸ்டில் பிழையா என்று ஆராய்கிறார். வெறிக்காகக் குடிப்பவன் இத்தனை பாடுபட மாட்டான் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. கென் கிராஸ்மன் என்பவர் முதலில் வீட்டு வடிப்போருக்குச் சாமான் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். பின்னர் சியரா நெவாடா என்ற ஆலையை நிறுவினார். 1978-ல் நூறுக்கும் குறைவாக இருந்த அமெரிக்க பீர் ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். நாலைந்து பெருமுதலாளிகளின் பிடியிலிருந்த தொழிலை வீட்டு அடுப்படி கலைத்தது என்று சொன்னால் மிகையாகாது. குடிசைத் தொழிலைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நம்மவர்கள் இதைச் சிந்திப்பது நலம்.

நம் மாகாணத்து நிலைமை என்ன? இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி முதலில் சேலம் ஜில்லாவில் அமல் செய்தது. கள், பீர், சாராயம், ஒயின் யாவையும் 'மது' என்ற ஒரே சொல்லில் அச்சட்டம் அடக்கியது. கலால் வருமானம் போகும் என்பதால் அதை ஈடுசெய்ய 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார்கள். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கை நிறைவேற்றியவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூர்க்காரர், செஞ்சிக்குப் பக்கத்து மனிதர். அவர்கள் இயற்றியதில் ஒரு நேர்மை இருந்தது. பிரஜை வடிக்கக் கூடாது என்றார்கள், சர்க்காரும் விற்கவில்லை.

பிறகு 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். சில ஆண்டுகளில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். 1981-ல் கடைகளை மீண்டும் திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003-ல் சில்லறை வியாபாரம் முழுவதையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மதுவினால் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பனை வரியோ எங்கும் போய்விடவில்லை. மதுவை ஒழிப்பதற்காக வந்த வரியும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது! ஆனால் 1937-ம் வருஷத்துச் சட்டம் மட்டும் இன்னும் நிற்கிறது. மதுவை விலக்கப் பிறந்த சட்டம் சர்க்காரின் ஏகபோகத்தைக் காக்கும் காவலாளி ஆகிவிட்டது. சட்டம் பயின்ற எவரும் இதைக் கண்டு நகைக்காமலிருக்க முடியாது.

1930-ல் வேதாரணியத்தில் உப்பு அள்ளியவர்கள் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வருகிறது. சர்க்கார் விற்கும் பொருளைப் பிரஜை தன் கைக்கெட்டிய இடத்தில் தனக்காகச் செய்துகொள்வது குற்றமாகுமா என்பதே அது. உப்பும் மதுவும் ஒன்றல்ல என்பதை அறிவோம். உப்பு யாருடைய குடியையும் கெடுக்காது. எனினும் சர்க்கார் தானே மதுவை விற்கத் தொடங்கிய அன்றே, ஒழுக்கத்தின் பெயரால் பேசும் உரிமையை இழந்துவிட்டது. ஜப்பானியர் 1899-ல் வீட்டில் வடிப்பதைத் தடுத்தபோது மதுவரிக்காகவே தடுத்தார்கள். நம்மவர்கள் அந்த அளவுக்காவது வெளிப்படையாகப் பேசலாம்.

"வீட்டில் வடிக்க விட்டால் விஷச் சாராயம் பெருகும்" என்ற ஆட்சேபம் உடனே எழும். 2023 மே மாதம் நம் ஜில்லாவின் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் விழுந்த பிணங்களை யார் மறப்பார்? கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபது பேருக்கு மேல் மாண்டனர். ஆனால் அவர்களைக் கொன்றது எந்த வீட்டின் நெற்சாடியுமல்ல, பனங்கள்ளுமல்ல. ஆலைகளுக்கென்று செய்த மெத்தனால். சாடியில் தானியம் புளிக்கும்போது உயிருக்கு ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. மேலும் சாராயம் ஓரளவு ஏறியதும் ஈஸ்ட் தானே ஓய்ந்துவிடும். சாதாரண பீரில் நூற்றுக்கு நாலைந்து பங்கும், சர்க்கார் விற்கும் பிராந்தியில் 42.8 பங்கும் சாராயம். ஊறலை அடுப்பிலேற்றி ஆவியாக்கி இறக்குவது வேறு தொழில்; அதைத் தடுப்பதில் நமக்கு ஆட்சேபமேயில்லை. புளிக்கவைப்பதையும் காய்ச்சி இறக்குவதையும் ஒரே குற்றமாகப் பாவிக்கும் சட்டம், கூலிக்காரனை எந்தப் பக்கம் தள்ளுகிறது? எளிதில் ஒளிக்கக்கூடியதும், சிறு பையில் அடங்குவதும், வெறி மிகுந்ததுமான பாக்கெட்டின் பக்கமே தள்ளுகிறது.

பனைமரத்தின் கதை இன்னும் விசித்திரம். பனை நமது மாநில மரம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், ஏறியவன் தொழிலாளி. தடவாவிட்டால் அது கள், ஏறியவன் குற்றவாளி. சுண்ணாம்பு மறந்தவனுக்குச் சிறை! புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் அதே கள் நியாயமான சரக்கு. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டி வட்டாரத்தில் கள் இறக்கும் உரிமைக்காக மாநாடு கூடியது. அதைக் கட்சிக் கூத்து என்று ஒதுக்கிவிடுவது சுலபம். மரமேறிப் பிழைத்த குடும்பங்கள் பட்டணத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டதை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஸ்திரீகளுடையது. கடை தெருவில் இருந்தால் பூட்டக் கோரி மறியல் செய்யலாம். சாடி சமையலறையில் இருந்தால் யாரிடம் முறையிடுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. பட்டணத்து எஞ்சினீயர் வீட்டுச் சாடியும், வேலையற்று வீட்டிலிருப்பவனின் சாடியும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆகையால்தான் திடீரென்று எல்லாக் கதவுகளையும் திறந்துவிடச் சொல்லவில்லை. ஜார்க்கண்ட் முதலிய இடங்களில் ஆதிவாசிகள் ஹண்டியா என்னும் அரிசிக் கள்ளை வீட்டில் வடிக்கிறார்கள். பல மாநிலச் சட்டங்கள் ஆதிவாசிகளுக்கு வீட்டுத் தேவைக்கென்று அளவோடு விலக்கு அளித்திருக்கின்றன. அளவு வைத்து, விற்பனையைத் தடுத்து, கிராம சபையின் சம்மதத்தை நிபந்தனையாக்கினால் போதும். சபையில் பெண்கள் வேண்டாமென்றால் அந்தக் கிராமத்தில் வேண்டாம்.

கள்ளக்குறிச்சிக்குப் பின் 2024-ல் சட்டசபை தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. உயிர்ச்சேதம் விளைவித்தவனுக்கு அது தகும். ஆனால் 'மது' என்ற சொல்லின் வரையறையில் கள்ளையும் பீரையும் சாராயத்திலிருந்து பிரித்து வைக்கவில்லை. அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும், நம் பிரதிநிதிகள் தண்டனைப் பிரிவுக்குப் போகுமுன் அந்த வரையறைப் பிரிவைப் படிக்கட்டும்.