பாலைவனத்துக் கோதுமையும் பாதாளத்து நீரும்

பாலைவனத்தைக் கழனியாக்கிய கதை என்றால் கேட்பவர் மெய்சிலிர்ப்பர். அரசாங்கங்களுக்கும் அதைப் போல் இனிப்பான பேச்சு வேறில்லை. ஆனால் அக்கழனிக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் சிலரே. சவூதி அரேபியாவின் கதையைப் பாருங்கள்.

1973 இல் எண்ணெயை மறித்து மேற்கு நாடுகளைத் தவிக்க வைத்தவர்களுள் ஒருவரான சவூதி அரசினர், பதிலுக்குத் தமக்கு உணவுத் தானியம் மறிக்கப்படுமோ என அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. சோற்றுப் பானையைப் பிறர் கையில் வைத்திருக்கும் எந்த நாடும் அஞ்சத்தான் வேண்டும். எனவே கஸீம், ஹாயில் முதலிய பிரதேசங்களில் ஆழக் கிணறுகள் துளைக்கப்பட்டன. நடுவிலே கிணறு, அதைச் சுற்றிக் கடிகார முள்போல் ஊர்ந்து நீர் தெளிக்கும் நெடுங்குழாய், வட்ட வட்டமாகக் கோதுமை. விளைந்ததை உலகச் சந்தை விலையிலும் பன்மடங்கு கொடுத்து அரசே வாங்கியது. 1990 களின் தொடக்கத்தில் ஆண்டு விளைச்சல் 40 இலட்சம் தொன்னை எட்டியது. மணல் நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது!

ஒரு தொன் கோதுமைக்கு ஏறத்தாழ ஆயிரம் தொன் நீர் வேண்டும். வெயில் கொளுத்தும் மணலில் அதனினும் கூடும். ஆறில்லாத, மழை அரிதான அந்நாட்டில் இறைத்தது பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்து பாறையினுள் தங்கிய மழை. எடுத்தால் மீளாது. அல் அஹ்ஸாவில் தலைமுறை தலைமுறையாகத் தானே பொங்கிய ஊற்றுக்கள் ஓய்ந்தன. பெரும் பண்ணையாளர் பணம் கண்டனர். அதை மறுப்பார் இலர். 2008 இல் அரசாங்கம் விழித்துக்கொண்டு கொள்வனவைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது. 2016 இல் அறவே நிறுத்தியது. பின்னர் சிறு கமக்காரருக்கு அளவோடு இடமளித்தது. தொடக்கத்திலேயே இதைச் செய்திருக்கலாகாதா?

நமக்கு இதிலென்ன என்பாரும் உளர். யாழ்ப்பாணத்திலும் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லில் தங்கும் மாரி நீரே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குடிப்பதற்கும் ஆதாரம். அது ஆண்டுதோறும் ஊறுவது நம் பேறு. ஆயினும் நன்னீரின் கீழே உவர்நீர் காத்திருக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு களைக்குமுன் மனிதன் களைத்தான், இயந்திரத்துக்குக் களைப்பில்லை. உவரேறிய கிணறுகளைக் கரையோரக் கமக்காரர் நன்கறிவர். உணவில் தன்னிறைவு என்று மேடையில் முழங்குவோரை நாம் கேட்பது இதுதான்: இறைப்பு இயந்திரத்துக்கு உதவி அறிவிக்குமுன், அந்தந்தக் கிராமத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாரியிலும் கோடையிலும் அளந்து, அக்கணக்கைக் கமக்காரர் முன் வையுங்கள்.