மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் கம்ப்யூட்டர் அறை

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் சிற்றூர் நெட் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. அப்பா வாசலில் பைக்கோடு நிற்பார், பிள்ளை மதிப்பெண்ணை வாசிக்கும், கடைக்காரர் பொறியியல் விண்ணப்பத்தை மளமளவென்று தட்டுவார். கூட்டத்தை அனுப்பும் அவசரத்தில் சில கடைகளில் கடையின் மின்னஞ்சலையே பதிந்துவிடுவதும் உண்டு. பாஸ்வேர்டும் கடைக்காரர் வைத்ததாகவே இருக்கும். பிறகு கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டிய நாள் வரும். அன்றுதான் தெரியும், விண்ணப்பத்தின் சாவி மாணவரிடம் இல்லை என்று.

கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. அவர் வாங்கியது தட்டுவதற்கான கூலி. யோசனை சொல்வதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. நியமிக்கப்பட்டவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வு 2007-இல் விலகியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டால் போதும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. 2018-இல் கலந்தாய்வும் இணையத்துக்கு மாறியது. அதற்கு முன்பு குடும்பமே ராத்திரி பஸ் பிடித்து சென்னை கிண்டியில் இறங்கும். திரையில் காலியிடங்களைப் பார்த்து, வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு, ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு ஊர் திரும்பும். அந்த அலைச்சல் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் நின்று யோசனை சொன்னவரும் அதோடு காணாமல் போய்விட்டார்.

படிவத்தில் எத்தனை நுணுக்கம் என்பதை நிரப்பிப் பார்த்தவர்கள் அறிவார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். தாத்தா பாட்டியில் தொடங்கி அண்ணன், அக்கா வரை யார் என்ன படித்தார்கள் என்று சொல்ல வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று படியேற வேண்டும். எங்காவது ஒரு கையொப்பம் நின்றால் கல்விக் கட்டணச் சலுகையும் நிற்கும். 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்பது பரவலாகத் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் அதில் இடமுண்டு என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

விருப்பப் பட்டியல் இதைவிடச் சிக்கல். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. ஆனாலும் பத்துப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பத்தும் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் கையில் ஒன்றும் இருக்காது. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெயர்ச் சாயல் ஒன்றுபோல் இருப்பவை பல. பெயரைப் பார்த்துப் போடாமல் கோடு எண்ணைப் பார்த்துப் போட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்தால் இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். இந்த இடமே போதுமா, பட்டியலில் இதற்கு மேலே உள்ள கல்லூரிக்குக் காத்திருப்பதா என்று பதினேழு வயதுப் பிள்ளை தனியாக முடிவெடுக்கிறது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. நான் முதல்வன், கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி என்று உயர்கல்விக்கு வழிகாட்டும் திட்டங்கள் நடக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட பொறியியல் சேர்க்கை உதவி மையங்களும் உண்டு. ஆனால் கையேடு கொடுப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது வேறு.

இந்த வித்தியாசத்தை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே கல்லூரி உதவித்தொகைக்கான படிவத்தில் அப்போது நூற்றுக்கு மேல் கேள்விகள். ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் வருமான வரி நிரப்ப வந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்கு அதே மேஜையில் அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நிமிட வேலை. இன்னொரு பகுதிக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி, உதவி பெறாத குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் தொடர்ந்து இரண்டாண்டு கல்லூரியில் படித்தவர்கள் 28 சதவீதம்; நிரப்பிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களில் 36. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

நம் சிக்கல் காலண்டரில் இருக்கிறது. 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8-ஆம் தேதி வந்தது. பொறியியல் பதிவு மே 7 முதல் ஜூன் 6 வரை. பள்ளி திறந்தது ஜூன் 2. அதாவது, பிள்ளைக்கு ஆசிரியர் மிகவும் தேவைப்பட்ட வாரங்களில் பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஹைடெக் லேப் என்று செலவு செய்து அமைத்த கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடக்க, அந்தப் பிள்ளை நெட் சென்டரில் காசு கொடுத்து நிற்கிறது.

அந்தப் பூட்டைத் திறக்கப் புதிய திட்டமோ புதுப் பெயரோ வேண்டாம். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும் வரை இரண்டு ஆசிரியர்களுக்கு இதையே பணியாகக் கொடுத்து, ஈடுசெய் விடுப்பும் தர ஓர் அரசாணை போதும். அதே பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் கூப்பிட்டால் வருவார்கள். கோடு எண் அவர்களுக்குத்தான் மனப்பாடம். சான்றிதழ் வேலையைப் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துவிட்டால் மே மாத வரிசை பாதியாகும்.

அரசாணை வரும்வரை தெருவில் இருப்பவர்களும் கொஞ்சம் செய்யலாம். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது, ஓடிபி யாருக்கு வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.