ஐந்து ஸ்டார் கம்பி, கறுப்பு மொட்டை மாடி

பள்ளிப்பட்டில் புதுசாக வீடு கட்டுகிறவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிமென்ட் விலை தெரியும். மணல் விலை தெரியும். கம்பி கிலோ என்ன ரேட் என்பது பைசா சுத்தமாகத் தெரியும். அந்தக் கம்பி எந்த ஊரில் உருகியது, அதன் கரி யார் வீட்டு மாடியில் விழுந்தது என்பது மட்டும் தெரியாது. பள்ளிப்பட்டை விடுங்கள், சென்னையில் ஃப்ளாட் வாங்கிய உங்களுக்குத் தெரியுமா?

இப்போது இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஓட்டலுக்குக் கொடுப்பது மாதிரி இரும்புக்கும் ஸ்டார் வந்துவிட்டது. ‘பசுமை எஃகு’ என்றால் என்ன என்று 2024 டிசம்பரில் மத்திய உருக்கு அமைச்சகம் இலக்கணம் வகுத்தது. ஒரு டன் எஃகு தயாரிக்க வெளியேறும் கரியமில வாயு 2.2 டன்னுக்குக் குறைந்தால் அது பசுமை, மூன்று ஸ்டார். 2 டன்னுக்குக் கீழே போனால் நான்கு. 1.6க்கும் கீழே என்றால் ஐந்து ஸ்டார். இந்தியாவின் சராசரி சுமார் 2.5 டன்.

நல்ல காரியம்தான். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7 சதவிகிதம் இரும்புத் தொழிலிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வரும் இரும்புக்கு 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய யூனியன் கார்பன் கணக்குப் பார்த்துக் காசு கேட்கிறது. எனவே மாறித்தான் ஆகவேண்டும். என் சண்டை அதோடு இல்லை. ஸ்டார் கொடுக்கிறவர்கள் எதை அளக்கிறார்கள், எதை அளக்காமல் விடுகிறார்கள் என்பதோடுதான் சண்டை.

பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு மூலை. அதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கும்மிடிப்பூண்டி. அங்கே பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கிக் கம்பியாக்குகிற ஆலைகள் நிறைய. ஒரு டன் உருக்க அறுநூறு, எழுநூறு யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பெருக்கிப் பாருங்கள், அரை டன்கூட வராது! நிலக்கரியில் தயாரான ஸ்பாஞ்ச் அயர்னைக் கலந்தால் கணக்கு எகிறும். ஆனால் முழுக்கப் பழைய இரும்பு என்றால் ஐந்து ஸ்டார் கையில் வந்த மாதிரிதான்.

இனி பக்கத்து ஊருக்கு வாருங்கள். பழைய இரும்பு என்பது வெறும் இரும்பு இல்லை. அதில் பெயின்ட் இருக்கும், துத்தநாகப் பூச்சு இருக்கும், எண்ணெய் இருக்கும், சில சமயம் ஈயமும் இருக்கும். உருக்கும்போது இவையெல்லாம் புகையும் தூசுமாகக் கிளம்பும். மொட்டை மாடியிலும் கொடியில் காயும் துணியிலும் கரி படிகிறது என்று கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டார மக்கள் வருடக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கரிக்கு ஸ்டார் கணக்கில் இடமே கிடையாது. அங்கே எடை போடுவது கரியமில வாயு வகையறாவை மட்டும்தான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. உலைப் புகையை உறிஞ்சி வடிகட்டப் பெரிய மின்விசிறியும் வடிகட்டிப் பைகளும் வேண்டும். விசிறி ஓடினால் கரன்ட் செலவு. கரன்ட் செலவானால் கார்பன் கணக்கு ஏறும். ராத்திரியில் விசிறியை நிறுத்திவிட்டால்? கரன்ட் பில் குறையும், கணக்கும் கொஞ்சம் அழகாகும், கரி ஊர்மேல் விழும். ஊரைக் கறுப்பாக்கினால் சான்றிதழ் பச்சையாகிற கணக்கு இது. யாரய்யா போட்டது?

அந்தக் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு கதை. பள்ளிப்பட்டுப் பக்கம் தொடங்குகிற கொசஸ்தலையாறு, எண்ணூரில் கடலில் கலக்கிறது. வட சென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து அந்தக் கழிமுகத்தில் சேறாகப் படிந்தது. மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் மல்லுக்கட்டினார்கள். உலையில் நிலக்கரி எரியவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள், அது வேறொருவர் வீட்டு வாசலில் எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிரிட்டனில் வேறு மாதிரி அடி விழுந்தது. போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. பதிலுக்கு மின்சார உலை வருகிறது, அரசு 50 கோடி பவுண்டு உதவுகிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது. அங்கே வேலை, இங்கே மூச்சு. பசுமைக்கு விலை கொடுப்பது எப்போதும் ஆலையை ஒட்டிக் குடியிருப்பவர்தான். அவரை யாரும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்? ஸ்டார் வேண்டும் என்று வரும் ஆலையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். புகைபோக்கியிலும் பக்கத்து ஊரிலும் தூசு எவ்வளவு? ராத்திரி அளவு என்ன? அதை ஆலை வாசலில் தமிழில் எழுதி வைத்திருக்கிறீர்களா? பதில் இல்லையென்றால் ஸ்டாரும் இல்லை. வடிகட்டி ஓட ஆகும் கரன்ட்டைக் கார்பன் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். விசிறியை நிறுத்த ஒரு சாக்கு குறையும். இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். உருக்கு அமைச்சகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை கடைக்காரர் ‘இது பசுமைக் கம்பி சார்’ என்று நீட்டினால், ஸ்டாரை எண்ணாதீர்கள். எந்த ஊர் கம்பி, அந்த ஊரில் வெள்ளை வேட்டியை மாடியில் காயப்போட முடியுமா என்று கேளுங்கள்.